வீடுகளுக்கு அடைக்கலம் தந்தவர்

அரண்மனை இடிந்தால் அதைப் பற்றிச் சரித்திரத்தில் எழுதுவார்கள். ஓர் உழவனின் வீடு இடிந்தால் யார் எழுதுவார்கள்? அதன் மரங்கள் அடுப்புக்குப் போகும். அந்த வீட்டில் பிறந்து, உழைத்து, மடிந்தவர்களின் நினைவும் அதோடு புகையாகிவிடும்.

இப்படி ஆகக் கூடாது என்று எண்ணியவர் ஒருவர் ஸ்வீடன் தேசத்தில் இருந்தார். எண்ணியதோடு நிற்காமல், குடியானவர்களின் வீடுகளை அப்படியே பெயர்த்து வந்து, ஒரு குன்றின் மேல் மறுபடியும் கட்டி வைத்தார். அவர் பெயர் ஆர்துர் ஹாசெலியஸ்.

வாத்தியார் வேலை

ஸ்டாக்ஹோம் நகரில் 1833ஆம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி ஹாசெலியஸ் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பெரிய அதிகாரி. மகனோ கத்தியை நாடாமல் புத்தகத்தை நாடினார். உப்சாலா சர்வகலாசாலையில் படித்து 1860ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் தாய்மொழி கற்பிக்கும் வேலையை ஏற்றார்.

மொழியின் மீது அவருக்கு அளவற்ற பற்று. ஸ்வீடிஷ் எழுத்திலக்கணத்தை எளிமைப்படுத்த வேண்டும் என்று பாடுபட்டார். அதற்காக 1869ல் ஸ்டாக்ஹோமில் ஒரு மகாநாடு கூடியபோது, ஸ்வீடன் பிரிவுக்கு அவரே காரியதரிசி. ஆனால் அவருடைய யோசனைகள் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவற்றில் முக்கியமான சில, அவர் மறைந்த பிறகு 1906ல்தான் சட்டமாயின. காலத்துக்கு முந்திப் பிறந்தவர்களின் கதை எப்போதும் இதுதான்!

ஒரு பாவாடை செய்த மாறுதல்

1872ஆம் வருஷக் கோடையில் ஹாசெலியஸ் தம் மனைவி சோபியாவுடன் டாலர்னா என்ற பிரதேசத்துக்குப் பிரயாணம் சென்றார். அங்கே அவர் கண்ட காட்சி அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

அந்தக் காலத்தில் ஸ்வீடனின் கிராமங்கள் வேகமாக மாறிக்கொண்டிருந்தன. ரயில் வந்தது. ஆலைத் துணி வந்தது. நிலங்களைப் புதிதாகப் பங்கிட்டதால், நெருங்கி நின்ற வீடுகள் சிதறி, பழைய ஊர்கள் கலைந்தன. 1860களின் கடைசியில் ஏற்பட்ட பஞ்சத்துக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினர். பாட்டி நெய்த துணியைப் பேத்தி உடுத்த வெட்கப்பட்டாள். தாத்தா செதுக்கிய பெட்டி பரணுக்குப் போயிற்று.

இன்னும் சில வருஷங்கள் போனால் ஒன்றும் மிஞ்சாது என்பதை ஹாசெலியஸ் உணர்ந்தார். ஸ்டோரா தூனா என்ற ஊரில் ஒரு குடியானவப் பெண் உடுத்தும் கம்பளிப் பாவாடை ஒன்றை விலைக்கு வாங்கினார். அவர் சேகரித்த முதல் பொருள் அதுதான். பிறகு அவர் நிற்கவே இல்லை. தொட்டில், கலப்பை, கரண்டி, விளக்கு, மணப்பெண்ணின் நகை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

மறு வருஷமே, 1873 அக்டோபர் 24ந் தேதி, ஸ்டாக்ஹோமின் ட்ரோட்னிங் வீதியில் அவருடைய பொருட்காட்சி திறக்கப்பட்டது. பொருள்களை வரிசையாக அடுக்கிச் சீட்டு ஒட்டுவதோடு அவர் திருப்தி அடையவில்லை. ஓர் அறையை அமைத்து, அதில் ஆள் உயரப் பொம்மைகளுக்குக் கிராமத்து உடை உடுத்தி, ஒரு குடும்பம் வாழ்வது போலவே காட்டினார். இறந்த குழந்தையின் தொட்டிலைச் சுற்றி ஒரு குடும்பம் துயரத்தில் ஆழ்ந்திருக்கும் காட்சி மிகவும் புகழ் பெற்றது. 1878ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இவருடைய காட்சிகளைக் கண்டு அயல்நாட்டார் வியந்தனர்.

சொந்தத் துக்கம்

வெளியே புகழ் வளர்ந்தபோது வீட்டில் விளக்கு அணைந்தது. 1874ல் மகன் குன்னர் பிறந்தான். அதே வருஷம் சோபியா காலமானார். கைக்குழந்தையோடு தனித்து நின்ற ஹாசெலியஸ் அதன் பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை. சேகரிப்பே அவருடைய சம்சாரமாயிற்று.

பணம் எங்கிருந்து வந்தது? அவர் செல்வர் அல்ல. கடிதம் எழுதினார், நன்கொடை கேட்டார், கடன் வாங்கினார். அப்படி அரும்பாடு பட்டுச் சேர்த்ததைத் தம் பெயருக்கு வைத்துக்கொண்டாரா என்றால், அதுவும் இல்லை. 1880ல் முழுவதையும் ஓர் அறக்கட்டளையாக்கி ஸ்வீடன் மக்களுக்கே கொடுத்துவிட்டார். 'நோர்டிஸ்கா மியூஸியம்' என்ற பெயர் அதற்கு அப்போது வந்தது.

பெயர்ந்து வந்த வீடுகள்

ஆயினும் அவர் மனம் நிறையவில்லை. பாவாடையைக் காப்பாற்றினோம், பெட்டியைக் காப்பாற்றினோம், அவை இருந்த வீடு எங்கே? 1885ல் மோரா என்ற ஊர்ப் பக்கத்து மரவீடு ஒன்றை வாங்கினார்.

வீட்டை எப்படி இடம் மாற்றுவது என்று கேட்கலாம். ஸ்வீடன் கிராமத்து வீடு பெரும்பாலும் மரத்தால் ஆனது. நீண்ட மரங்களைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டுவாய் செதுக்கிப் பொருத்தியிருப்பார்கள். குளிர் புகாதபடி இடுக்கில் பாசியை அடைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் இட்டுக் கழற்றி, வேறு இடத்தில் அதே வரிசையில் பூட்டினால் பழைய வீடு மறுபடியும் எழுந்து நிற்கும்.

இந்த யுக்தி அதற்கு முன்பே தெரிந்ததுதான். நார்வேயின் தலைநகர் அருகே மன்னர் இரண்டாம் ஆஸ்கார் 1881 முதல் சில பழைய கட்டடங்களை இவ்வாறு கொண்டுவந்து வைத்திருந்தார். ஆனால் ஒரு தேசம் முழுவதையும் ஒரே குன்றில் கூட்டிவைக்க நினைத்தவர் ஹாசெலியஸ்.

ஸ்டாக்ஹோமில் யூர்கோர்டன் தீவில் ஒரு பாறைக் குன்று. சிறு கோட்டை ஒன்று இருந்ததால் அதற்கு 'ஸ்கான்சன்' என்று பெயர். அங்கே 1891 அக்டோபர் 11ந் தேதி உலகப் புகழ் பெற்ற திறந்தவெளிப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. மோரா வீடும் அங்கே வந்து சேர்ந்தது. வடகோடியில் வாழும் சாமி மக்களின் குடியிருப்பும் இடம் பெற்றது.

மண்ணை விட்டுப் பிரிந்த வீடு உயிரற்ற கூடு என்பதை அவர் அறிவார். ஆகவே வீட்டைச் சுற்றி அந்தந்தப் பிரதேசத்துச் செடிகளையும் பிராணிகளையும் வைத்தார். பழைய உடை அணிந்தவர்கள் வாசலில் நின்று வரவேற்றார்கள். பிடில் ஒலித்தது, கிராமிய நடனம் நடந்தது.

குன்றிலே குடியிருந்து

ஹாசெலியஸ் கடைசியில் அந்தக் குன்றிலேயே குடியேறினார். அங்குள்ள மஞ்சள் வீட்டில் 1901 மே 27ந் தேதி உயிர் நீத்தார். வயது அறுபத்தேழு. உடலும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. தந்தையின் பணியைத் தொடர்ந்த குன்னரும் 1905ல் மறைந்தார். நோர்டிஸ்கா மியூஸியத்துக்கான பெரிய மாளிகை 1907ல் திறக்கப்பட்டபோது, அதைக் காண இருவருமே இல்லை.

ஆனால் வித்து வீணாகவில்லை. டென்மார்க், நார்வே முதலிய நாடுகளிலும் இத்தகைய பொருட்காட்சிகள் தோன்றின. போலந்து, ஹங்கேரி நாட்டு மொழிகளில் பழைய வீடுகளின் திறந்தவெளிப் பொருட்காட்சிக்குப் பெயரே 'ஸ்கான்சன்' என்று ஆகிவிட்டது. இன்று அந்தக் குன்றில் ஏறத்தாழ 150 கட்டடங்கள் நிற்கின்றன.

மன்னர்களின் மகுடங்களைக் காக்க எத்தனையோ பேர் இருந்தார்கள். பெயர் தெரியாத ஓர் ஏழைப் பெண்ணின் பாவாடையும் ஒரு தேசத்தின் சொத்து என்று கண்டவர் ஹாசெலியஸ். அவர் சற்றுத் தாமதித்திருந்தால், அந்த வீடுகளில் பல என்றோ அடுப்பில் எரிந்து முடிந்திருக்கும்.