ரேடியோவில் வரும் பழைய பாட்டுக்குப் பின்னால் ஒரு காரைக்குடி கடைக்காரர்: ஏவி.எம். மெய்யப்பனின் இன்னொரு கதை

விவித பாரதியிலோ சென்னை, திருச்சி வானொலியிலோ திடீரென்று 1947-ம் வருஷத்துப் பாட்டு ஒன்று ஒலிக்கிறது. டி.கே. பட்டம்மாள் குரல், பாரதியார் வரிகள், படம் ‘நாம் இருவர்’. போனில் கேட்டுக்கொண்டே ஆபீஸுக்குப் போகிறவர், இது எப்படி இத்தனை வருஷம் தாங்கியது என்று யோசிப்பதில்லை. யோசித்தால் அது ஒரு வியாபாரியின் வாழ்க்கையில் கொண்டுபோய் விடும்.

ஒரு பழைய பாட்டு மறுபடி காதில் விழ இரண்டு விஷயம் வேணும். அது பதிவான தட்டு உடையாமல் எங்காவது இருக்கணும். அதை ஒலிபரப்ப யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. தட்டு, உரிமை என்ற இந்த இரண்டிலுமே ஏவி.எம். மெய்யப்பனின் கைரேகை உண்டு. ஸ்டுடியோ முதலாளி, உருண்டை கோபுரம், நட்சத்திரங்களை அறிமுகப்படுத்தியவர் என்றே அவரைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் சினிமாவுக்கு முன்னால் அவர் இசைத்தட்டுக்காரர்.

சைக்கிள் சாமானும் பாட்டுத் தட்டும்

மெய்யப்பன் பிறந்தது 1907 ஜூலை 28, காரைக்குடியில். அப்பா ஆவிச்சி செட்டியார் அங்கே ‘ஏவி அண்ட் சன்ஸ்’ என்று கடை வைத்திருந்தார். சைக்கிள் உதிரிபாகங்களோடு கிராமபோன் தட்டும் விற்கிற கடை அது. இன்று செல்போன் கடையில் ரீசார்ஜும் கவரும் சார்ஜரும் சேர்ந்து கிடைப்பதில்லையா, அந்த மாதிரி.

செட்டிநாட்டில் கிராமபோனுக்குக் கிராக்கி இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போனவர்கள் ஊருக்குத் திரும்பும்போது புதுச் சாமான்களோடு வந்தார்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் முதலாவதாகச் சொல்லப்படும் இளையாத்தங்குடியைச் சுற்றியுள்ள ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் என்றால் கோயிலிலிருந்து மாலை வரணும், வீட்டு முகப்பில் நாகஸ்வரம் வேணும். மற்ற நாளில் பாட்டு கேட்க ஆசைப்பட்டால்? நாடகக் கொட்டகைக்குப் போகணும், இல்லை கச்சேரி நடக்கிற ஊருக்கு வண்டி கட்டணும். சாவி கொடுத்தால் பாடுகிற பெட்டி அந்தப் பழக்கத்தை மாற்றியது. கிட்டப்பா பாட்டைக் கேட்க அவர் நாடகம் போடும் ஊருக்குப் போக வேண்டியதில்லை என்பது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை.

தட்டை விற்பதைவிட, தயாரிப்பவர்களோடு சேர்ந்தால் லாபம் என்று மெய்யப்பனுக்குத் தோன்றியது. சென்னைக்கு வந்து கூட்டாளிகளோடு ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் கம்பெனி இசைத்தட்டுகளுக்குத் தென்னிந்திய விநியோகம் அந்தக் கடையின் கைக்கு வந்தது. 1930-களில் கர்நாடக சங்கீதம், நாடகப் பாட்டு, பக்திப் பாட்டு, சினிமா பாட்டு என்று ஓடியன் தட்டுகள் வீடுவீடாகப் போயின.

அந்தத் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். அரை மணி நேரம் ஆலாபனை செய்கிற வித்வானும் அதற்குள் முடித்தாகணும். சினிமா பாட்டின் நீளம் இன்றைக்கும் ஏறக்குறைய அங்கேயே நிற்பதற்கு அந்தத் தட்டும் ஒரு காரணம். அரக்கு கலந்து செய்தது என்பதால் கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். இரும்பு ஊசி ஓட ஓடக் கோடு தேயும். அதாவது, ஒரு பாட்டை எவ்வளவு விரும்பிக் கேட்டார்களோ அவ்வளவு சீக்கிரம் அது அழிந்தது. பிரபலமான பாட்டின் நல்ல பிரதி கிடைக்காமல், யாரும் சீண்டாத பாட்டின் தட்டு பளபளவென்று கிடைப்பது இதனால்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மனி எதிரி நாடாகிவிட்டது. ஓடியன் வழி அடைபட்டது. அதற்கு முன்பே மெய்யப்பனின் மனசு சினிமாவுக்குப் போயிருந்தது.

வாயசைப்பு என்ற கண்டுபிடிப்பு

தொடக்கம் சரியாக இல்லை. 1935-ல் வந்த ‘அல்லி அர்ஜுனா’ தோல்வி. ‘ரத்னாவளி’யும் தோல்வி. கல்கத்தா வரை போய்ப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். 1938-ல் ‘நந்தகுமார்’ வந்தது. சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கிருஷ்ணனாக நடித்த படம். நடிக்கிறவரே பாடியாகணும் என்பது அன்றைய விதி. அதில் ஒரு நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாடவைத்தார் மெய்யப்பன். தமிழ் சினிமாவின் முதல் பின்னணிப் பாட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

1945-ன் ‘ஸ்ரீவள்ளி’யில் இன்னும் ஒரு படி மேலே போனார். நாயகி ருக்மணி பாடியதில் அவருக்குத் திருப்தியில்லை. அந்தப் பாட்டுகளைப் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து மாற்றிச் சேர்த்தார். பல வருஷம் இசைத்தட்டு விற்றவரின் காது அது. படம் ஓடி முடிந்த பிறகும் பாட்டு தனியாக ஓடும் என்று தெரிந்தவர்.

ஆனால் இதே இடத்தில்தான் மறதியும் தொடங்குகிறது. பாடியவர் திரையில் தெரிய மாட்டார். படத் தலைப்பில் பெயரே வராமல் போனதும் உண்டு. லலிதா வெங்கட்ராமனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியநாயகி, டி.எஸ். பகவதி, எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பெயர்களை எடுத்தால் வீட்டில் யாராவது தாத்தா பாட்டிதான் தலையாட்டணும். ‘நாம் இருவர்’ தொடங்கிப் பல ஏவி.எம். படங்களுக்கு இசையமைத்த ஆர். சுதர்சனத்தின் பெயர்கூட, அவருடைய பாட்டு தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. இது நியாயமில்லை.

கீற்றுக் கொட்டகையில் ஒரு ஸ்டுடியோ

போர் முடிந்த சமயத்தில் சென்னையில் ஸ்டுடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. மெய்யப்பன் யோசிக்கவில்லை, சொந்த மண்ணுக்கு மூட்டை கட்டினார். காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, சுற்றிலும் கீற்றுக் குடிசைகள் போட்டு ஸ்டுடியோ ஆக்கினார். 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்தது. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பு, சுதந்திரம் வந்துவிட்டதாகவே பாடுகிற பாரதி பாட்டுக்குக் குமாரி கமலா ஆடினார். படம் ஓஹோவென்று ஓடியது. பாரதியைப் படித்திராதவர்களும் பாரதியைப் பாடினார்கள்.

பாரதி பாட்டு யாருடைய சொத்து?

இங்கேதான் கதை சிக்கலாகிறது.

பாரதியார் 1921-ல் இறந்தார். அவருடைய பாட்டுகளைப் பேசும்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை 1930-களில் சில நூறு ரூபாய்க்கு ஜெசிங்லால் மேத்தா என்ற நகை வியாபாரியிடம் போயிருந்தது. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை கொடுத்து அதை 1946-ல் மெய்யப்பன் வாங்கினார். ஒரு தட்டு வியாபாரியின் கணக்கில் இது முழுக்கச் சரி. காசு கொடுத்து வாங்கினது, தன்னைக் கேட்காமல் மற்றவர் தொடக் கூடாது.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றது. ஏவி.எம். தரப்பிலிருந்து வழக்கு வந்தது. டி.கே. சண்முகமும் சகோதரர்களும் பின்வாங்கவில்லை. நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் வரியைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி வாங்கணுமா என்ற கேள்வி கோர்ட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வ.ரா., நாரண துரைக்கண்ணன், ஜீவா போன்றவர்கள் பாரதியைப் பொதுவுடைமை ஆக்கக் கோரினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையைக் கையகப்படுத்த முன்வந்தது. 1949 மார்ச்சில் மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையைப் பணம் எதுவும் வாங்காமல் அரசிடம் ஒப்படைத்தார். 1955-ல் பாரதியின் எழுத்து எல்லோருக்கும் பொதுவானது.

அவர் மனமுவந்து கொடுத்தாரா, எதிர்ப்பின் அழுத்தத்தில் கொடுத்தாரா என்ற வாதம் இன்றும் உண்டு. வழக்குப் போட்டவரும் அவர்தான், சும்மா கொடுத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. ஆனால் விளைவு பெரிது. உலகத்தில் ஒரு கவிஞரின் உரிமையை அரசு வாங்கி மக்களுக்கு விட்ட உதாரணங்கள் மிகக் குறைவு. அதற்குப் பிறகு எத்தனை படங்களில், தட்டுகளில், மேடைகளில் பாரதி ஒலித்தார் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கையெழுத்தின் மதிப்பு புரியும்.

கடல் தாண்டி வந்த பாட்டு

மெய்யப்பன் 1948-ல் ஸ்டுடியோவைக் கோடம்பாக்கத்துக்கு மாற்றினார். ‘வாழ்க்கை’, ‘பராசக்தி’, ‘களத்தூர் கண்ணம்மா’ எல்லாம் தெரிந்த வரலாறு. பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ 1954-ல் வந்ததும் இதே பாட்டு வியாபாரியின் தயாரிப்புதான். வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இயக்கினார். வேடிக்கையான கூட்டணி.

இந்தச் சமயத்தில் ரேடியோவில் என்ன நடந்தது? 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமா பாட்டு பிடிக்காது. ஆல் இந்தியா ரேடியோவில் திரைப்பாடல் சுருங்கி, கிட்டத்தட்ட காணாமலே போனது. தயாரிப்பாளர்களோடும் தகராறு. கொழும்பிலிருந்த ரேடியோ சிலோன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. செட்டிநாட்டுக்கு இது இன்னும் சௌகரியம். திருச்சி நிலையம் 1939-லேயே வந்திருந்தாலும், சினிமா பாட்டுக்கு முள்ளைத் திருப்பினால் கடல் தாண்டி கொழும்புதான் கிடைக்கும். அங்கே கடை வைத்திருந்த குடும்பங்களுக்கு அது அந்நிய ஊரும் இல்லை.

இலங்கை வானொலி பாட்டைப் போட்டதோடு நிற்கவில்லை. படம், பாடியவர், இசையமைத்தவர் என்று விவரம் சொல்லிப் போட்டது. மயில்வாகனம், பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் வாயிலாகத்தான் திரையில் முகம் காட்டாத பாடகிகளின் பெயர் வீட்டுக்குள் வந்தது. 1957 அக்டோபர் 3-ல் இந்தியா விவித பாரதியைத் தொடங்கியதற்குக் கொழும்பின் போட்டி முக்கியக் காரணம். தமிழகத்தில் அரிதாகிப்போன பல பாட்டுகளை, படமே அழிந்துபோனவற்றின் பாட்டுகளைக்கூட, பழைய நேயர்கள் கேட்டது அந்த நூலகத்துத் தட்டுகளிலிருந்துதான்.

இப்போது யார் தடுக்க முடியும்?

இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவுக்கான உரிமை அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். 1940-களின் இசைத்தட்டுகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவரின் உரிமை வேறு கணக்கு. அது அவர்கள் மறைந்த பிறகும் 60 வருஷம் நீடிக்கும். பாரதி பாட்டுக்கு மட்டும், வரியைப் பொறுத்தவரை, அந்தக் கணக்கு 1955-லேயே முடிந்துபோச்சு.

மெய்யப்பன் 1979 ஆகஸ்ட் 12-ல் காலமானார். அவர் தயாரித்த பெரிய படங்களின் பாட்டுக்கு ஆபத்தில்லை. ஆபத்து, அவர் இளமையில் விற்ற தட்டுகளுக்குத்தான். 1930-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் பாட்டுப் புத்தகங்களை, கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா சேர்த்துவைத்ததால் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் பார்க்கலாம். வரி இருக்கிறது. மெட்டு வேணுமென்றால் தட்டு கிடைக்கணும். கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும் செட்டிநாட்டு வீடுகளின் அலமாரிகளில் சில இருக்கக்கூடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளில், தூணுக்கும் எனாமல் பாத்திரத்துக்கும் நடுவில் கிராமபோன் பெட்டி நிற்கும். பெரும்பாலும் வரவேற்பறை அலங்காரத்துக்கென்று அதைத்தான் வாங்கிப் போகிறார்கள். பக்கத்தில் அடுக்கியிருக்கும் கறுப்புத் தட்டுகளில் யார் பாடியிருக்கிறார்கள் என்று லேபிளைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.