அன்னை சாரதாதேவியாரும் வளர்ப்புமகள் ராதுவும்

மகப்பேறு இல்லாதார் பிறர் மகவைத் தம் மகவாகக் கொள்ளும் வழக்கம் நம் மரபினரிடையே தொன்றுதொட்டு வந்துளது. அதுபற்றி நம் சங்கத்தில் நிகழும் பேச்சுக்களோ பெரும்பாலும் சொத்தைப் பற்றியனவும் ஈமக்கடனைப் பற்றியனவுமாகவே அமைந்துவிடுகின்றன. குழந்தை வந்து சேர்ந்தபின் அவ்வீட்டில் நாள்தோறும் நிகழ்வதென்ன, வளர்ப்போருடைய நெஞ்சு படும் பாடென்ன, அவர் முன்பு கொண்டிருந்த தெய்வ வழிபாடு அப்பால் என்ன ஆகிறது என்பன குறித்து வாய்திறப்பார் அரியர். ஆதலின் வங்க நாட்டில் தோன்றி, நம் தமிழ்நாட்டிற்கும் ஒருகால் எழுந்தருளிய அன்னை ஸ்ரீ சாரதாதேவியாரின் வரலாற்றில் இப்பகுதியை மட்டும் எடுத்து ஈண்டு எழுதத் துணிந்தோம். அவருடைய தவத்தையும் உபதேசங்களையும் கூறும் நூல்கள் பலவுள. நாம் எழுதுவது அவருடைய வீட்டைப் பற்றி.

அன்னையார் 1853 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் பாங்குரா ஜில்லாவைச் சார்ந்த ஜயராம்பாடி என்னும் சிற்றூரில், ராமசந்திர முகோபாத்தியாயர், சியாமாசுந்தரி தேவி ஆகிய ஏழை அந்தணத் தம்பதிகளுக்குத் தலைமகளாகப் பிறந்தார். ஐந்து வயதிலேயே, பின்னாளில் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர் என உலகம் போற்றிய பெரியாருக்கு மணம் செய்விக்கப்பெற்றார். 1872 இல் தக்ஷிணேசுவரத்திற்குச் சென்று, நகபத் என்னும் நகரா மண்டபத்தின் கீழறையில், நிமிர்ந்து நடக்கவும் இடம் போதாத நிலையில் பல்லாண்டு வாழ்ந்து கணவருக்கும் மாமியாருக்கும் தொண்டு செய்தார். பரமஹம்ஸர் துறவு நெறியினின்றும் வழுவாதவராதலின் அவர்களுக்கு மகப்பேறில்லை. தம் மகளை அம்மா என்றழைக்க ஒரு குழந்தையும் இல்லையே என்று சியாமாசுந்தரி அம்மையார் வருந்தியபோது, அம்மா அம்மா என்னும் கூக்குரல் பொறுக்கமாட்டாமல் காதுகள் சலித்துப்போகும் அளவுக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று பரமஹம்ஸர் விடை கூறினாராம். அவ்வாக்கு பலித்ததை உலகம் அறியும். அவ்வாக்கினுள் அடங்காத ஒரு பிள்ளையைப் பற்றியே நாம் பேசப்போகின்றோம்.

1886 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள் பரமஹம்ஸர் உடல் நீத்தார். அன்னையார் பிருந்தாவனம் முதலிய தலங்களுக்கு யாத்திரை சென்று மீண்டபின், கணவர் பிறந்த காமார்புகூரில் தனித்து வாழ்ந்தார். தம் கையாலேயே மண்ணைக் கொத்திக் கீரை பயிரிட்டு, சோற்றுடன் அதனை உண்டார். உப்புக்கும் வழியின்றிக் கழிந்த நாட்கள் உண்டு. இத்துன்பத்தைக் கல்கத்தாவிலிருந்த அன்பர்களுக்கு அவர் தெரிவித்தாரில்லை. இந்நாட்களிலெல்லாம் அவர் உள்ளம் இவ்வுலகில் ஒட்டாமலே இருந்தது. உடலை விட்டுவிடவே மனம் விரைந்ததென்றும், அப்பொழுது பரமஹம்ஸர் காட்சியளித்து, சிவந்த ஆடையணிந்த ஒரு சிறுபெண்ணைச் சுட்டிக்காட்டி, இவளைப் பற்றிக்கொண்டு இரு என்று பணித்தாரென்றும் பின்னாளில் அவரே கூறியிருக்கின்றார்.

அன்னையாரின் தம்பியருள் இளையவர் அபயசரணர். குடும்பத்தில் ஆங்கில மருத்துவம் பயின்றவர் அவர் ஒருவரே. படிப்பு முடிந்து, குடும்பத்திற்கு விடிவு காலம் வந்ததென்று யாவரும் எண்ணியிருந்த வேளையில், 1899 ஆம் ஆண்டு வாந்திபேதி கண்டு இறந்தார். அப்பொழுது அவர் மனைவி சுரபாலை கருவுற்றிருந்தாள். அவளைக் காக்கும் பொறுப்பைத் தமக்கையாரிடமே ஒப்புவித்து அவர் கண்மூடினார். அடுத்தடுத்து நேர்ந்த துயரங்களால் அப்பெண்ணின் சித்தம் கலங்கிற்று. 1900 ஜனவரியில் அவள் ஒரு பெண்மகவை ஈன்றாள். அக்குழந்தையே ராதாராணி, வீட்டார் அழைத்தது ராது.

ஒருநாள் சுரபாலை கந்தைத் துணிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன்னினைவின்றி முன்னே நடந்து செல்ல, குழந்தை ராது அழுதுகொண்டே பின்னே தவழ்ந்து செல்வதை அன்னையார் கண்டார். தாம் எடுக்காவிடில் இக்குழந்தையை எடுப்பார் யார் என்று அவர் நெஞ்சு துடித்தது. ஓடிச்சென்று வாரி எடுத்தார். காட்சியிற் கண்ட சிறுபெண் இவளே என்பதும் அக்கணமே அவருக்குப் புலனாயிற்றாம். சுவீகாரச் சடங்கு ஒன்றும் நிகழவில்லை. பத்திரம் எதுவும் எழுதப்படவுமில்லை. எழுதவேண்டுமென்றாலும் அக்காலத்து வழக்கம் ஆண்மகவைச் சுவீகாரம் கொள்வதையே கருதியதன்றிப் பெண்ணைக் கருதவில்லை. இந்துக்களுக்குப் பெண்ணைச் சுவீகாரம் கொள்ளும் உரிமையைச் சட்டம் தெளிவாக வழங்கியது 1956 இலேயே என்பதை நம் அங்கத்தினர் அறிவர். ஆகவே வம்சம் விளங்கவும் அன்று, கொள்ளி வைக்கவும் அன்று. தெருவில் அழுத குழந்தையை அத்தை எடுத்தாள், அவ்வளவே. குழந்தை அத்தையையே அம்மா என்று அழைத்து வளர்ந்தது. ராது ஒருத்தி மட்டும் அல்லள். மூத்த தம்பி பிரசன்னரின் பெண்களாகிய நளினியும் மாகுவும் அன்னையாரின் நிழலிலேயே வாழ்ந்தார்கள்.

இனி அவ்வீட்டின் ஒரு நாளைச் சிறிது நோக்குவோம். விடியற்காலை மூன்று மணிக்கே அன்னையார் எழுந்துவிடுவார். ஜபம் முடித்து, பரமஹம்ஸரின் படத்திற்குப் பூஜை செய்வார். பிறகு காய் நறுக்குவார், வெற்றிலை மடிப்பார், மாவு பிசைவார். கல்கத்தாவினின்றும் வந்த அன்பர்களுக்குக் காலையில் தேநீர் வேண்டுமென்று, வாத நோயால் வருந்தும் கால்களோடு அயல் வீடுகளிற் பால் தேடிச் செல்வதும் உண்டு. இதற்கிடையில் தம்பியர் நிலத்தகராறு கொண்டு வருவர். நளினி, காகம் தீட்டுப்படுத்திற்றென்று குளிர் வேளையில் மீண்டும் மீண்டும் நீராடித் தொல்லை விளைப்பாள். சுரபாலையோ, தன் மகளை மயக்கிப் பறித்துக்கொண்டாளென்று நாத்தனாரை வாய்க்கு வந்தபடி வைவாள். ஒருமுறை எரியும் கொள்ளிக்கட்டையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள். அன்று தம்மையறியாமல் ஒரு கடுஞ்சொல் தம் வாயினின்றும் வந்ததற்காக அன்னையார் நெடுநாள் வருந்தினார். இத்தனைக்கும் நடுவே ராது எதையேனும் கேட்டு அழுதுகொண்டிருப்பாள். மந்திர உபதேசம் பெற வந்தவர் வாசலில் காத்திருப்பார். தியானத்துக்கென்று தனியறையும் தனி வேளையும் வேண்டுமென்று நம்மிற் சிலர் குறைப்படுகின்றோம். அவருக்கு அவ்விரண்டும் இருந்தனவல்ல.

இந்நிலையைக் கண்டு அணுக்கத் தொண்டர்களும் ஐயுற்றனர். பரமஹம்ஸரிடமே பயின்ற யோகின்மா என்னும் அம்மையார், குருநாதர் அத்துணைத் துறவியாயிருக்க, அன்னையார் தம்பியரையும் அவர் மக்களையும் கட்டிக்கொண்டு அழுகின்றாரே என்று மனத்துள் எண்ணினார். பின் கங்கைக் கரையில் அவர் ஜபம் செய்துகொண்டிருக்கையில் பரமஹம்ஸர் தோன்றி, நீரில் மிதந்து சென்ற ஒரு சிசுவின் பிணத்தைக் காட்டி, இதனால் கங்கை மாசுபடுமா என்று வினவினாராம். யோகின்மா ஓடிச்சென்று அன்னையாரிடம் மன்னிப்பு வேண்டினார். காட்சிகளைக் குறித்து வாதிடுவார் வாதிடுக. நாம் மதிப்பது, அவ்வையம் மறைக்கப்படாமல் எழுதிவைக்கப்பட்டதையே. அவ்வினா யோகின்மாவுக்கு மட்டும் உரியதன்று. குழந்தையை எடுத்தபின் வழிபாடு குன்றியதென்று கவலும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியது.

1910 டிசம்பரில் அன்னையார் தென்னாட்டு யாத்திரைக்குப் புறப்பட்டார். ராதுவும் உடன் வந்தாள். ஒரிஸ்ஸாவிற் சில காலம் தங்கி, 1911 இன் தொடக்கத்திற் சென்னை சேர்ந்து மயிலாப்பூரில் ஏறக்குறைய ஒரு திங்கள் இருந்தார். சென்னையில் மடத்தை நிறுவிய சசி மகராஜ் என்னும் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அவ்வேற்பாடுகளையெல்லாம் தம் தலைமேற் கொண்டார். அன்னையாருக்குத் தமிழ் தெரியாது. உபதேசம் பெற்ற நம் நாட்டினர் பலருக்கு வங்கமொழி தெரியாது. அதனால் குறையொன்றும் நேரவில்லை. மதுரையில் மீனாட்சியம்மையைத் தொழுது, இராமேசுவரம் சென்று, கருவறையிலேயே இராமநாத சுவாமியை 108 பொன் வில்வங்களால் அருச்சித்தார். சேதுபதி மன்னர் தம் அரண்மனைப் பொக்கிஷத்தைத் திறந்து காட்டவும், அன்னையார் விரும்பும் எதனையும் அளிக்கவும் ஆணையிட்டிருந்தார். தமக்கு ஒன்றும் வேண்டாமென்ற அன்னையார், குழந்தை ராது வேண்டுமாயிற் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பின்னர் அவர் நெஞ்சு திடுக்கிட்டது. இரத்தினங்கள் ஒளிவிடும் அறையிற் பதினோரு வயதுச் சிறுமி என்ன கேட்பாளோ! அவள் மனத்தில் ஆசை எழாதிருக்கவேண்டுமென்று குருநாதரை வேண்டிக்கொண்டே நின்றார். ராது சுற்றிலும் பார்த்துவிட்டு, தன் பென்ஸில் காணாமற்போயிற்று, ஒரு பென்ஸில் வாங்கித் தந்தாற் போதும் என்றாள். வெளியே வந்து வழியிலிருந்த கடையில் அரையணாவுக்கு ஒரு பென்ஸில் வாங்கிக் கொடுக்கப்பட்டது.

அவ்வாண்டே, கல்கத்தாவுக்குத் திரும்பியபின், ராதுவுக்கும் மன்மதன் என்னும் இளைஞனுக்கும் ஜயராம்பாடியில் மணம் நிகழ்ந்தது. ஊர் வழக்கத்திற்கு அன்னையாரும் உட்பட்டார். ஆயினும் அவர் உள்ளம் அதனை ஒப்பவில்லை என்பதற்குச் சான்றுண்டு. கல்கத்தாவில் ராது பாடசாலைக்குப் புறப்பட்டபோது, வளர்ந்த பெண்ணுக்கு இனிப் படிப்பென்ன என்று உடனிருந்த அம்மையார் ஒருவர் தடுக்க, கல்வியும் கைத்தொழிலும் கற்றால் ஊராருக்கும் பயன்படும், போகட்டும் என்று அன்னையார் அனுப்பினார். நிவேதிதையாரின் பள்ளியில் இருபது வயது கடந்தும் மணமாகாமற் கல்வி பயின்ற சென்னைப் பெண்கள் இருவரைப் பார்த்து வியந்து, தம் நாட்டில் எட்டு வயதிலேயே பெண்ணைத் தள்ளிவிடத் துடிக்கின்றார்களே என்று நொந்து, ராதுவுக்கு மணம் செய்யாதிருந்தால் இத்துன்பம் நேர்ந்திருக்குமா என்று ஏங்கினார்.

ராது நற்பண்பு வாய்ந்த மகளாக வளர்ந்தாளென்று நாம் எழுதமுடியாது. இளமையில் எளிய இயல்பினளாயிருந்தவள், நோயாலும் அளவற்ற செல்லத்தாலும் பிடிவாதக்காரியாகிவிட்டாள். சில வரலாற்று நூல்கள் அவளை மிகக் கடிந்து பேசுகின்றன. பிறக்குமுன்னே தந்தையை இழந்து, பித்துற்ற தாயைப் பெற்று, பதினொன்றில் மணம் புரிந்து, இருபதுக்குள் நோயாளியான ஒருத்தியை அங்ஙனம் கடிவதற்கு நமக்கு மனம் வரவில்லை. அன்னையார் கேட்டதையெல்லாம் கொடுத்து வளர்த்ததும் அவளுக்கு நன்மை செய்யவில்லை என்பது நம் கருத்து. இதனைக் கூறுவது அபசாரமாகாதென்று நம்புகின்றோம்.

1919 இல் ராது கருவுற்றிருந்தபோது சிறு ஓசையும் பொறாத நரம்பு நோய் அவளைப் பற்றிற்று. நகரத்து இரைச்சல் ஆகாதென்று, அன்னையார் அவளை ஜயராம்பாடிக்கு அருகிலுள்ள கோயால்பாடா என்னும் அமைதியான ஊருக்கு அழைத்துச் சென்று மாதக்கணக்கிற் பேணினார். அங்கே ஆண்மகவு பிறந்தது. மகப்பேற்றின்பின் ராது எழுந்து நடக்கமாட்டாளாய், அபின் உண்ணும் வழக்கத்திற்கும் ஆளானாள். அதனைச் சிறிது சிறிதாகக் குறைக்க அன்னையார் முயன்றார். ஒருநாள் அவர் காய் நறுக்கிக்கொண்டிருக்கையில், அபின் கேட்டு வந்த ராது, மறுமொழியாற் சினந்து, கூடையிலிருந்த பெரிய கத்தரிக்காயொன்றை எடுத்து அவர் முதுகில் ஓங்கி எறிந்தாள். முதுகு வீங்கிற்று. அன்னையார் பரமஹம்ஸரின் படத்தை நோக்கிக் கைகூப்பி, அறியாப் பெண் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டினார். பின் தம் பாததூளியைத் தாமே எடுத்து ராதுவின் தலையில் தடவினார்.

இவ்வீட்டில் வந்து உண்டவர் எல்லாச் சாதியினருமாவர். அவர்கள் உண்ட இலைகளை அன்னையாரே எடுப்பார். முப்பத்தாறு சாதியாரின் எச்சிலை எடுக்கலாமா என்று நளினி பதறினாள். அனைவரும் தம் பிள்ளைகளே என்றார் அன்னையார். அவருக்கு வீடு கட்டும் வேலைக்கு, முன்னர்ப் பட்டுப்பூச்சி வளர்த்துப் பிழைத்து, அத்தொழில் நசித்ததனாற் களவிலும் இறங்கியிருந்த முஸ்லிம்கள் சிலர் வந்தனர். அவருள் ஒருவன் அம்ஜத். நளினி முற்றத்தில் எட்டநின்று அவனுக்குச் சோற்றை வீசி எறிந்தாள். அன்னையார் அவளை விலக்கித் தாமே அருகிருந்து பரிமாறினார். அவன் உண்ட இடத்தையும் தாமே துடைத்தார். சாதி போயிற்று என்று நளினி அலற, தமக்கு அணுக்கத் தொண்டராயிருந்த சுவாமி சாரதானந்தர் எங்ஙனம் மகனோ அங்ஙனமே அம்ஜத்தும் மகன் என்றார். சாதிச் சங்கத்தின் பத்திரிகையில் இதனை எழுதுவதற்கு நாம் சிறிது தயங்கியதுண்டு. விட்டுவிட்டு எழுதினால் அது அவருடைய வீடாகாது என்று எழுதினோம்.

1920 பிப்ரவரியிற் கடும் காய்ச்சலோடு அன்னையார் கல்கத்தாவில் உத்போதன் இல்லத்திற்குக் கொண்டுவரப்பட்டார். காளா அசார் என்று மருத்துவர் கண்டனர். நோய் முற்றிய நாட்களில் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. இருபது ஆண்டுகள் கண்ணுள் வைத்துக் காத்த ராதுவை அவர் ஊருக்குப் போய்விடுமாறு பணித்தார். மாயக்கயிறு அறுந்துவிட்டதென்றும், மேலே எடுத்த மனம் இனிக் கீழே இறங்காதென்றும் கூறிவிட்டார். ராதுவின் குழந்தை தவழ்ந்து படுக்கையருகே வந்தபோது அதனையும் எடுத்துச்செல்லச் சொன்னார். இதனைக் கேட்ட சாரதானந்தர், இனி அன்னையாரைக் காப்பது அரிதென்று நெஞ்சுடைந்தார். எங்ஙனமேனும் அவர் மனத்தை ராதுவிடம் திருப்புமாறு அவர் பிறரை ஏவியதும் பயன்தரவில்லை. குழந்தைப் பற்றைத் தடையென்று முன்பு ஐயுற்றவர்கள், இப்பொழுது அப்பற்று மீண்டும் வாராதாவென்று ஏங்கி நின்றனர்.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில், 20 ஆம் நாள் கழிந்த நள்ளிரவுக்குப் பின், ஒன்றரை மணியளவில் அன்னையார் உடல் நீத்தார். மறுநாள் பேலூர் மடத்தின் கங்கைக் கரையில் தகனம் நிகழ்ந்தது. அவ்விடத்தில் எழுப்பப்பெற்ற கோயில் 1921 டிசம்பரில் திறக்கப்பெற்றது. கங்கையிடம் அவர் கொண்டிருந்த பேரன்பு கருதி அதனை ஆற்றை நோக்கியே அமைத்திருக்கின்றனர்.