ஆடைக் கலைக்கு வழிகாட்டிய ருக்மிணி தேவி

ஆடைத் தொழிலுக்குப் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால், தையல் வேலைக்குப் பட்டம் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உண்டு. அவர்கள் அவசியம் அறியவேண்டிய வாழ்க்கை, ருக்மிணி தேவி அருண்டேலின் வாழ்க்கை.

எதிர்ப்பு

1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தவர் ருக்மிணி. தந்தை நீலகண்ட சாஸ்திரி, என்ஜினீயர். 1920-ல், 16-வது வயதில், பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். சென்னையே கொதித்தது. அவர் கலங்கவில்லை.

ரஷ்ய நடன அரசி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி தூண்டியவர் அந்த அம்மையார்தான். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். இசை வேளாளர் குலப் பெண்கள் காலங்காலமாகக் காத்துவந்த நடனம் அது. பிராமணப் பெண் மேடையேறுவதா என்று எதிர்ப்பு எழுந்தது. 1935-ல் அடையாற்றில் ஆடியே காட்டினார்!

சிற்பம் தந்த உடை

ஆட்டம் நன்றாக இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. கோயில் சிற்பங்களை உற்றுப் பார்த்தார். உடைக்கும் நகைக்கும் அவற்றிலிருந்தே யோசனை பெற்றார். இத்தாலியத் தையற்கலைஞர் மேடம் கஸான் துணை நின்றார். காலும் இடையும் தடையின்றி அசையும்படி உடைகள் உருவாயின.

1936-ல் கலாக்ஷேத்திரா பிறந்தது. அடுத்த ஆண்டே அங்கு தறிகள் ஓடத் தொடங்கின. மறைந்துவந்த பழைய கரைகளும் வண்ணங்களும் மீண்டும் சேலையில் ஏறின. கலாக்ஷேத்திரா சேலை என்று தனிப் பெயரே நிலைத்தது. 1956-ல் பத்மபூஷண் பெற்ற அவர், 1986 பிப்ரவரி 24-ந் தேதி காலமானார்.

மாணவர்களுக்கு

அதே 1986-ல்தான் ஆடை வடிவமைப்புக்கான தேசிய நிறுவனமான 'நிப்ட்' டில்லியில் தொடங்கியது. 1995-ல் சென்னைக்கும் வந்தது. அது இருக்கும் தரமணி, கலாக்ஷேத்திரா உள்ள திருவான்மியூருக்குப் பக்கம். நெசவு நுட்பம் கற்கச் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

ஒரு நடன உடைக்குப் பின்னால் எத்தனை தொழில்கள்! சாயம், நெசவு, வடிவமைப்பு, வெட்டு, தையல், நகை, விற்பனை. இவற்றில் தன் கை எதில் ஓடுகிறது என்று மாணவர் முதலில் கண்டுகொள்ள வேண்டும்.

கீரப்பாளையத்து மாணவர்களுக்கு அதற்குச் செலவே இல்லை. பக்கத்திலேயே சிதம்பரம். கோபுர வாயில்களில் 108 கரணச் சிற்பங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போய், கொசுவத்தின் மடிப்பையும் இடுப்பு அணியையும் வரைந்து பார்க்கட்டும். ருக்மிணி தேவியும் கோயில் சிற்பங்களில்தான் தொடங்கினார்.