கல்லறையில் விடுபட்ட கேள்விக்குறி

இரயில்வே ஊழியரின் மகன் வில்பிரட் ஓவன். 1893-ல் இங்கிலாந்தில் பிறந்தான்; 1915-ல் பட்டாளம் புகுந்தான். போரின் புகழையல்ல, சேற்றையும் நச்சுப்புகையையும் பாடினான் அந்த இளங்கவிஞன்! 1918 நவம்பர் 4-ல், பிரான்சில் கால்வாய் கடக்கும் சமரில் சாய்ந்தான். வயது 25. ஏழே நாளில் போர் ஓய்ந்தது. வெற்றிமணி ஒலித்த அன்றுதான் தாய்க்குச் சாவுத்தந்தி வந்தது!

ஓர்ஸ் எனும் சிற்றூரில், சாதாரணச் சிப்பாய்களின் நடுவே துயில்கிறான் அந்த அதிகாரி. எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். பதவி பார்க்காத கல்!

மாண்டோர் மீள்வரோ, இறைவன் சாவை ஒழிப்பானோ என்று கவிதையொன்றில் கேட்டு, இல்லை என்ற விடையும் தந்தவன் அவன். பெற்ற மனம் பொறுக்குமா? அந்த வரிகளையே கல்லில் பொறிக்கத் தந்த தாய், இரண்டாவது கேள்விக்குறியை விட்டுவிட்டாள். மகனின் ஐயம், தோழர்களே, கல்லில் உறுதிமொழியாக நிற்கிறது.