கொலை வாக்குமூலமே பொய்யாக இருக்குமா? 1906-லேயே கேட்ட ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் யார்?

நீதிமன்றத்தில் இன்று ஒரு உளவியல் நிபுணர் கூண்டில் ஏறினால், வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அவர் என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்பதுதான். சாட்சியம் அப்புறம்தான். இந்தக் கேள்வியால் முதலில் அடி வாங்கியவர்களில் ஒருவர் ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க். இத்தனைக்கும் அவரிடம் படிப்புக்குப் பஞ்சமே இல்லை.

1863-ல் டான்சிக் நகரில் பிறந்தவர். இன்று போலந்தில் கடான்ஸ்க் என்று அழைக்கப்படும் ஊர் அது. லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்டிடம் படித்து 1885-ல் முனைவர் பட்டம். அதோடு நிறுத்தவில்லை, 1887-ல் ஹைடல்பெர்க்கில் மருத்துவப் பட்டமும் வாங்கினார். ஹார்வர்டின் வில்லியம் ஜேம்ஸுக்கு ஆய்வகம் என்றாலே அலுப்பு. தன் ஆய்வகத்தைக் கவனிக்க 1892-ல் இவரை அழைத்துக்கொண்டார். 1898-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் பதவியும் வந்தது.

தூக்கில் முடிந்த வழக்கு

1906 ஜனவரியில் சிகாகோவில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். உடலை முதலில் பார்த்துச் சொன்னவர் ரிச்சர்ட் ஐவன்ஸ் என்ற இளைஞர். போலீஸ் விசாரித்த விசாரணையில், நான்தான் கொன்றேன் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, அப்படிச் சொன்னதே நினைவில்லை என்றார். நடுவர் குழு நம்பவில்லை. (நம் நாட்டில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அங்கே அதுதான் வழக்கின் முதுகெலும்பு.)

சிகாகோ மருத்துவர் ஒருவர் வழக்கு விவரங்களை ஹார்வர்டுக்கு அனுப்பினார். படித்துப் பார்த்த மூன்ஸ்டர்பெர்க், மிரண்டுபோன ஒரு மனம் திரும்பத் திரும்பத் திணிக்கப்பட்டதைத் தன் நினைவாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது, இந்த ஆள் நிரபராதி என்று பதில் எழுதினார். கடிதம் வெளியே வந்ததும் பத்திரிகைகள் கிண்டலடித்தன. ஐவன்ஸை நேரில் பார்க்கக்கூட இல்லாத பேராசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்கள். அந்த ஜூன் மாதமே ஐவன்ஸ் தூக்கிலிடப்பட்டார். பொய் வாக்குமூலம் என்பது இன்று உளவியலில் தனி ஆய்வுப் பிரிவு. அன்று அதைச் சொன்னவருக்குக் கிடைத்தது ஏளனம்தான்.

அவரே சறுக்கிய இடம்

அடுத்த ஆண்டு கதை தலைகீழ். ஐடஹோ மாநில முன்னாள் ஆளுநரைக் குண்டு வைத்துக் கொன்றதாக ஒப்புக்கொண்ட ஹாரி ஆர்ச்சர்ட், தன்னை ஏவியவர்கள் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் என்று கைகாட்டினார். மூன்ஸ்டர்பெர்க் சிறைக்கே போய் அவரைச் சோதித்தார். ஒரு சொல்லைச் சொல்வது, மனதில் தோன்றும் மறுசொல்லுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. தடுமாற்றம் இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். ஆர்ச்சர்ட் உண்மைதான் பேசுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். தீர்ப்புக்கு முன்பே அது பத்திரிகையிலும் வந்துவிட்டது. ஆனால் 1907 ஜூலையில் நடுவர் குழு சங்கத் தலைவர் பில் ஹேவுட்டை விடுதலை செய்தது.

ஐவன்ஸ் விஷயத்தில் வாக்குமூலத்தைச் சந்தேகப்பட்ட அதே மனுஷன், இங்கே தன் கருவியைச் சந்தேகப்படவில்லை. அவசரம்தான், வேறென்ன?

1908-ல் சாட்சிகளின் நினைவு பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தில் தன்னையே உதாரணம் காட்டுகிறார். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தபோது வீட்டில் திருட்டு. நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். மெழுகுத் துளிகள் எந்த மாடியில் கிடந்தன, கடிகாரத்தை எதில் சுற்றி வைத்திருந்தார்கள், திருடன் எந்த வழியாக நுழைந்தான் என எல்லாவற்றையும் தப்பாகச் சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை, நினைவு காலை வாரிவிட்டது.

அதே புத்தகத்தில் வழக்கறிஞர்கள் உளவியலைக் கண்டுகொள்வதில்லை என்று ஒரு பிடி பிடித்திருந்தார். சும்மா இருப்பார்களா? சாட்சியச் சட்டத்தில் பெரிய பெயரான ஜான் விக்மோர், 1909-ல் ஒரு கற்பனை வழக்கு எழுதி மூன்ஸ்டர்பெர்க்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். கிண்டல்தான், ஆனால் உள்ளே இருந்த கேள்வி நியாயமானது: நீதிமன்றம் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு உங்கள் ஆய்வுகள் எங்கே?

முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பேசியதால் நண்பர்களும் விலகினார்கள். 1916 டிசம்பர் 16 அன்று ராட்கிளிஃப் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார். வயது 53.

அவரிடம் படித்த வில்லியம் மார்ஸ்டன் சட்டம், உளவியல் இரண்டிலும் பட்டம் பெற்றவர், பின்னாளில் ‘வொண்டர் வுமன்’ காமிக்ஸை உருவாக்கியவரும் அவரே. ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் தன் சோதனையை அவர் வாஷிங்டனில் ஒரு கொலை வழக்குக்குக் கொண்டுபோனார். 1923-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒரு முறையை அந்தத் துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்டால்தான் நீதிமன்றமும் ஏற்கும் என்ற ஃப்ரை விதி அந்தத் தீர்ப்பில்தான் பிறந்தது.