நகரங்களின் மருத்துவர் பேட்ரிக் கெடிஸ்

நுழையும்முன்

நகரம் வளர்வதற்கு வயல்களும் ஏரிகளும் அழிந்துதான் ஆகவேண்டுமா? நூறாண்டுகளுக்கு முன் தமிழக நகரங்களின் தெருக்களில் நடந்தே இதற்கு விடை தேடினார் ஓர் அறிஞர்.

இளமையும் திருப்பமும்

ஸ்காட்லாந்தில் 1854ஆம் ஆண்டு பிறந்த பேட்ரிக் கெடிஸ், உயிரியல் பயின்றவர். 1879இல் மெக்சிகோவில் ஆய்வு மேற்கொண்டிருந்தபோது அவரது பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. பார்வை மீண்டபோதும் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்க இயலவில்லை. உயிர்களுக்கும் சூழலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர், நகரத்தையும் ஓர் உயிராகக் காணத் தலைப்பட்டார்.

எடின்பரோவின் பழைய நகரப்பகுதி நெரிசலால் நலிந்திருந்தது. வசதி படைத்தோர் வெளியேறிய அவ்விடத்திலேயே மனைவி அன்னாவுடன் கெடிஸ் குடிபுகுந்தார்; சிதைந்த வீடுகளைச் செப்பனிட்டார்; வெற்றிடங்களில் தோட்டங்கள் அமைத்தார்.

தமிழகத்தில்

சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் இந்தியா வந்தார். அவர் திரட்டிய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. மனம் தளராத கெடிஸ், நண்பர்கள் உதவியால் வேறு பொருள்களைத் திரட்டி, 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்.

அவ்வாண்டே சென்னை மாகாண நகரங்களைப் பற்றி அறிக்கைகள் அளித்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேர்சாலை அமைக்கும் திட்டத்தை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றினாலே காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், ஏழைகள் வீடிழக்கமாட்டார்கள், செலவும் குறையும் என்பது அவர் கருத்து. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். மீன்களும் வாத்துகளும் கொசுப்புழுவை ஒழிக்கும். குளமோ நகரைக் குளிர்விக்கும் என்றுணர்த்தினார்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த காஞ்சிபுரம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. கோயில்களின் பெருமையினும் மேலாக, நகரம் முழுமையும் ஒருங்கிணைந்து அமைந்த திட்டத்தையே அவர் போற்றினார்.

1917இல் மகனைப் போரிலும் மனைவியை நோயிலும் இழந்தார். எனினும் பணியைக் கைவிடவில்லை. 1919இல் மும்பைப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1932இல் பிரான்சில் மறைந்தார்.

இன்றைய தேவை

ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று குடியிருப்புகள் நெடுஞ்சாலையோரமாகவும், மாமல்லபுரம் நோக்கிய கடற்கரையோரமாகவும் பரவுகின்றன. ஏரியும் கழிமுகமும் சுருங்கினால் மழைநீர் வீடுகளுக்குள் புகும். வீடு, பள்ளி, அங்காடி, பணியிடம் ஆகியவற்றை நடைதொலைவில் செறிவாக அமைத்தால், நிலமும் நீரும் எரிபொருளும் மிஞ்சும். செறிவு வேறு, நெரிசல் வேறு. அவ்வேறுபாட்டை உணர்ந்து நகரமைப்பதே கெடிஸின் வாழ்வு கற்பிக்கும் பாடமாகும்.