புகையில் போன சக்தியைப் பிடித்தவர்!

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமானுஜரின் நினைவு வரும். அந்த மகான் பிறந்த ஊர் அது.

இன்று அந்த ஊர் மோட்டார் கார் பிறக்கும் ஊராகவும் ஆகிவிட்டது. அங்கிருந்து ஒரகடம் வரை எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். அங்கே செய்யப்பட்ட கார்களில் சிலவற்றின் மீது டர்போ என்று எழுதியிருக்கும்.

டர்போ என்றால் என்ன? அதைக் கண்டுபிடித்தவர் யார்?

அவர் பெயர் ஆல்பிரட் பியூக்கி. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர். காருக்காக அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. டர்போ வைத்த கார் கடைக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடும் இல்லை!

பட்டறை ஊர்

பியூக்கி 1879-ம் ஆண்டு ஜூலை மாதம் 11-ந் தேதி விண்டர்தூர் நகரில் பிறந்தார். சுல்சர் என்ற பெரிய என்ஜின் கம்பெனி அந்த ஊரில் இருந்தது. பியூக்கியின் தந்தை அங்கே உயர்ந்த பதவி வகித்தார். ஆகவே, என்ஜின் ஓசை பையனுக்குப் புதிது அல்ல.

1899-ல் ஜூரிச் நகரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அதே கல்லூரியில் இன்னொரு மாணவரும் படித்துக்கொண்டு இருந்தார். அவர் பியூக்கியைவிட 4 மாதம் மூத்தவர். அவர்தான் ஐன்ஸ்டீன்!

ஐன்ஸ்டீனுக்குப் பெரும் புகழ் தேடித் தந்த கட்டுரைகள் வெளிவந்தது 1905-ம் ஆண்டில். பியூக்கியின் கண்டுபிடிப்பும் அதே ஆண்டில்தான் பிறந்தது. ஒருவர் பெயர் உலகம் முழுவதும் பரவியது. மற்றவர் பெயர் என்ஜின் தொழிலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மூன்று ரூபாய் எண்ணெய்

1903-ல் படிப்பு முடிந்தது. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பியூக்கி வேலை பார்த்தார். என்ஜின்களோடு பழகப் பழக, ஒரு விஷயம் அவர் மனதை உறுத்தியது.

என்ஜினில் எண்ணெய் எரிகிறது. அதில் கிடைக்கும் சூடு முழுவதும் வேலை செய்கிறதா? இல்லை. மூன்று ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றினால், ஏறக்குறைய ஒரு ரூபாய்க்குத்தான் வேலை நடக்கிறது. இன்னொரு ரூபாய், என்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரோடு போகிறது. மற்றொரு ரூபாய், புகைக் குழாய் வழியே வெளியே ஓடிவிடுகிறது!

அந்தக் கடைசி ரூபாயைப் பிடிக்க முடியாதா என்று பியூக்கி யோசித்தார்.

கொல்லன் உலையைப் பார்த்திருப்பீர்கள். துருத்தியால் காற்றை ஊதினால் நெருப்பு கனன்று எரியும். என்ஜினும் அப்படித்தான். காற்றை அதிகமாகத் திணித்தால், எண்ணெயையும் அதிகமாக எரிக்கலாம். சிறிய என்ஜின், பெரிய என்ஜினின் வேலையைச் செய்யும்.

துருத்தியை இயக்குவது யார்? இங்கேதான் பியூக்கியின் மூளை வேலை செய்தது. புகை போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தார். திருவிழாவில் விற்கும் காற்றாடிபோல, புகையின் வேகத்தில் அது சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளும். உலையில் இருந்து வரும் புகையே துருத்தியை மிதிக்கிறது!

1905 நவம்பர் 16-ந் தேதி இந்த யோசனைக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற மனு செய்தார். அப்போது அவருக்கு வயது 26.

இருபது ஆண்டு

யோசனை காகிதத்தில் நன்றாக இருந்தது. இரும்பில் வரவில்லை.

ஊர் திரும்பிய பியூக்கி, சுல்சர் கம்பெனியில் சேர்ந்தார். 1911-ல் சோதனை தொடங்கியது. அடுப்பில் இருந்து வரும் தணல்போன்ற புகை, இடைவிடாமல் சக்கரத்தின் மீது பாய்கிறது. அந்தச் சூட்டை நெடுநேரம் தாங்கும் உலோகம் அந்தக் காலத்தில் அரிது. 1915-ல் செய்த மாதிரி என்ஜினும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

இதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. பிரான்சில் ராத்தோ என்பவர் விமான என்ஜினுக்கு டர்போ செய்தார். அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்பவர், 1918-ல் பைக்ஸ் பீக் என்ற மலை உச்சிக்கு விமான என்ஜினைக் கொண்டுபோய்ச் சோதித்தார். 14 ஆயிரம் அடி உயரம். அங்கே காற்று மெலிந்து போகும். என்ஜினும் மூச்சுத் திணறும். டர்போ அதற்கு மூச்சுக் கொடுத்தது. பியூக்கியோ இன்னும் சோதனைக்கூடத்திலேயே இருந்தார். அவருக்கு வயது 40-ஐ நெருங்கிவிட்டது.

1923-ல் அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. பிராய்சன், ஹன்செஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களுக்கு டர்போ வைக்க ஏற்பாடு ஆயிற்று. 1926-ல் கப்பல்கள் கடலில் இறங்கின. 1,750 குதிரைச் சக்தி தரவேண்டிய ஒவ்வொரு என்ஜினும் 2,500 குதிரைச் சக்தி தந்தது!

வாசல் நெரிசல்

ஆனால், பியூக்கியின் பெரிய சாதனை 1905-ம் ஆண்டு யோசனை அல்ல. 1925-ல் அவர் காப்புரிமை பெற முனைந்த இரண்டாவது யோசனைதான். இதைப் பலர் அறியமாட்டார்கள்.

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும், எல்லோரும் ஒரே வாசலில் வெளியேறினால் என்ன ஆகும்? நெரிசல்! முன்னால் போகிறவரைப் பின்னால் வருகிறவர் இடிப்பார். என்ஜினிலும் அந்தத் தொல்லை இருந்தது. எல்லா சிலிண்டர்களின் புகையும் ஒரே குழாயில் விழுந்தது. ஒரு சிலிண்டர் பலமாக ஊதும்போது, இன்னொன்றின் புகை வெளியேற முடியாமல் திரும்பியது.

பியூக்கி குழாய்களைப் பிரித்தார். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களை மட்டும் ஒரே குழாயில் சேர்த்தார். புகை தனித்தனி வீச்சாக வந்து சக்கரத்தை அடித்தது. உள்ளே வரும் புதுக் காற்று, மிச்சம் இருந்த புகையைக் கூட்டித் தள்ளும்படியும் செய்தார். என்ஜின் மெதுவாக ஓடும்போதும் டர்போவுக்கு உயிர் வந்தது.

ஒரு குழாயில் மூன்று சிலிண்டர் சேர்ந்தால் மிகவும் பொருத்தம். இந்த மூன்று என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1926-ல் அவர் இரண்டு சுவிஸ் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்தார். பிறகு கப்பல், ரயில், மின்சார நிலையம் என்று டர்போ பரவியது. 1938-ல் சவுரர் கம்பெனி லாரி என்ஜினுக்கும் அதை வைத்தது. 1959 அக்டோபர் 27-ந் தேதி, பிறந்த ஊரிலேயே பியூக்கி காலமானார். வயது 80.

கப்பல் வேறு, கார் வேறு

கப்பல் கிளம்பினால் ஒரே சீராக ஓடும். கார் அப்படியா? நிற்கும், கிளம்பும், மாடு குறுக்கே வந்தால் மறுபடியும் நிற்கும். டிரைவர் மிதித்த உடனே இழுக்க வேண்டும். டர்போ சக்கரம் வேகம் எடுக்கச் சற்று நேரம் ஆகும். அதற்குள் டிரைவர் இன்னும் அழுத்துவார். பிறகு சக்தி மொத்தமாக வந்து காரைப் பிடித்துத் தள்ளும். உள்ளே இருப்பவர்களுக்குத் தூக்கிப் போடும்.

1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்ற டர்போ கார் விற்பனைக்கு வந்தது. பெட்ரோலோடு, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தையும் அதற்குத் தனியாக ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். 1963-ம் ஆண்டு மாடலோடு அதன் கதை முடிந்தது.

வழி காட்டியது சுவீடன் நாட்டு சாப் கம்பெனி. 1977-ல் அது காட்டிய 99 டர்போ காரில் பெரிய சக்கரம் இல்லை. சிறிய சக்கரம்! சிறியது சீக்கிரம் சுழலும். அழுத்தம் மிஞ்சினால் புகையை வேறு வழியில் விட ஒரு சிறு கதவும் இருந்தது. உச்ச வேகத்தில் கொஞ்சம் சக்தி குறைந்தாலும் பரவாயில்லை, நடுத்தர வேகத்தில் நல்ல இழுவை கிடைக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. பந்தயக் குதிரை வேறு, வண்டி மாடு வேறு. பிள்ளை குட்டிகளோடு போகும் காருக்கு வண்டி மாட்டின் குணம்தான் நல்லது.

ஒரகடத்தில் மூன்று

ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து 2019-ல் வென்யூ என்ற கார் வந்தது. அதன் டர்போ என்ஜின் 1 லிட்டர் அளவுதான். சிலிண்டர் எத்தனை? மூன்று! ஒன்றின் புகை மற்றொன்றை இடிப்பது இல்லை.

அதன் 120 குதிரைச் சக்தியை எல்லோரும் பேசினார்கள். கவனிக்க வேண்டியது வேறு. சக்கரத்தைச் சுழற்றும் விசைக்கு முறுக்கு விசை என்று பெயர். அது 172 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே அந்த விசை முழுவதும் கிடைத்துவிடும். 4,000 சுற்று வரை ஏறாமல் இறங்காமல் நிற்கும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் வென்யூவின் விசை சுமார் 115. அதுவும் 4,000 சுற்றில்தான் உச்சத்தைத் தொடும்.

இந்தச் சமநிலை தானாக வருவது அல்ல. கால் எவ்வளவு அழுத்தினால் காற்று எவ்வளவு போக வேண்டும், புகைக் கதவு எப்போது திறக்க வேண்டும், பெட்ரோல் எந்த நொடியில் பாய வேண்டும் என்பதை எல்லாம் என்ஜினீயர்கள் காரை ஓட்டி ஓட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரில் பதிக்கிறார்கள்.

2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிசான் மேக்னைட் காரைச் செய்தது ஒரகடம் தொழிற்சாலை. அதன் டர்போ என்ஜினுக்கும் சிலிண்டர் மூன்றுதான். கையால் கியர் மாற்றும் காரில் முறுக்கு விசை 160; அது 2,800 சுற்றில் தொடங்கி 3,600-ல் முடிந்துவிடும். கியர் தானாக மாறும் காரில் விசை 152-ஆகக் குறைந்தது. ஆனால், 2,200 சுற்றிலேயே அது தொடங்கி, 4,400 வரை நீடித்தது.